தேதி குறிப்பதற்கு முன்னால்: சிவில் பார்ட்னர்ஷிப்பும் விசாவும்

பாளையங்கோட்டையில் எனக்கு ஒரு சின்னக் கடை. ஜெராக்ஸ், பிரிண்ட் அவுட், ஆன்லைன் விண்ணப்பம். வில்லங்கச் சான்று, வருமானச் சான்று, பாஸ்போர்ட் என்று பொழுது போகும். நடுவில் விசா விண்ணப்பங்களும் வரும். நான் வக்கீல் இல்லை, ஃபார்ம் நிரப்பித் தருகிறவன். வருடக்கணக்காக நிரப்பியதில் எந்தக் கட்டத்தில் ஆட்கள் தடுக்கி விழுகிறார்கள் என்று தெரியும், அவ்வளவுதான்.

போன மாதம் முன்னீர்பள்ளத்திலிருந்து ஒரு அக்கா வந்தார். மகன் மான்செஸ்டரில் எம்.எஸ்சி. படித்துவிட்டு, கொஞ்ச நாள் அங்கேயே வேலை பார்த்து, இப்போது சென்னையில் இருக்கிறான். அங்கே பிறந்து வளர்ந்த ஒரு பெண்ணோடு பழக்கம். பெண் பிரிட்டிஷ் குடிமகள். இருவரும் சேர்ந்து வாழ முடிவு செய்துவிட்டார்கள். ஆனால் கல்யாணம் வேண்டாமாம், சிவில் பார்ட்னர்ஷிப் போதுமாம்.

"பார்ட்னர்ஷிப்னு சொல்லுதான் தம்பி. நம்ம ஊர்ல அரிசி மில்லுக்குப் போடுவாவளே, அந்த மாதிரியா?"

சிரித்தாலும், கேள்வி சரியான கேள்விதான். அரிசி மில் பார்ட்னர்ஷிப்பும் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டு, அரசாங்கத்தில் பதிந்து, லாப நட்டத்தைப் பங்கு போட்டுக்கொள்வதுதான். இங்கே பங்கு போடுவது வாழ்க்கையை. மந்திரம் கிடையாது, மோதிரம் கட்டாயம் கிடையாது, உறுதிமொழி சொல்ல வேண்டும் என்றுகூட இல்லை. பதிவாளர் முன்னிலையில், இரண்டு சாட்சிகள் வைத்து, கையெழுத்துப் போட்டால் முடிந்தது. சொத்து, வாரிசுரிமை, ஓய்வூதியம், வரி எல்லாவற்றிலும் ஏறக்குறைய புருஷன் பெண்டாட்டிக்கு உள்ள உரிமைதான்.

பிரிட்டனில் இதற்கான சட்டம் 2004இல் வந்தது, 2005 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஒரே பாலினத்தவர் திருமணம் செய்துகொள்ள அப்போது அங்கே வழி இல்லை. அவர்களுக்காகத்தான் இந்த ஏற்பாடு. 2014இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அவர்களுக்குத் திருமணமே கிடைத்தது. அப்புறம் வழக்கு தலைகீழாக வந்தது: எங்களுக்குத் திருமணம் என்கிற சடங்கே பிடிக்கவில்லை, ஆணும் பெண்ணுமான எங்களுக்கு ஏன் பார்ட்னர்ஷிப் இல்லை என்று ஒரு ஜோடி உச்ச நீதிமன்றம் வரை போய் 2018இல் ஜெயித்தது. 2019 டிசம்பர் 31 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் எல்லா ஜோடிகளுக்கும் இது உண்டு. அக்காவின் மகன் கேட்பது அதைத்தான்.

சரி, இதில் என்ன சிக்கல்? அக்கா பையிலிருந்து ஒரு மஞ்சள் தடவிய தாளை எடுத்தார். ஜோசியர் குறித்துக் கொடுத்த ஆவணி முகூர்த்தம். வண்ணார்பேட்டையில் மண்டபத்துக்கு அட்வான்ஸும் கொடுத்தாயிற்று. "இங்க தாலி கட்டிட்டு அங்க போயி அவுக இஷ்டப்படி அந்தப் பார்ட்னர்ஷிப்பப் போட்டுக்கிடட்டும். எனக்கும் குறை இல்ல, அவுகளுக்கும் குறை இல்ல."

பெற்றவர்கள் எல்லோரும் இப்படித்தான் கணக்குப் போடுகிறார்கள். இடறுவதும் இங்கேதான். நம் வழக்கத்தில் முதலில் நாள், பிறகு மண்டபம், பிறகு பத்திரிகை, எல்லாம் முடிந்த பிறகுதான் பதிவும் பத்திரமும். குடியேற்ற விஷயத்தில் இது அப்படியே தலைகீழ். எந்த நாட்டில் வாழப் போகிறார்கள் என்பது முதலில். அந்த நாடு எந்த உறவை எந்தப் பெயரில் ஏற்கிறது என்பது இரண்டாவது. அதற்கு எந்த விசா என்பது மூன்றாவது. நாள் குறிப்பது கடைசி வேலை.

"பொண்ணு இந்துவாக்கா?" என்று கேட்டேன்.

"அவ தாத்தா பாட்டி குஜராத்துக்காரவுகளாம். சாமி கும்பிடுவா."

அப்படியானால் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மணமக்கள் இருவரும் இந்துக்கள் என்றால், முறைப்படி தாலி கட்டிய அந்த நிமிஷமே அது சட்டப்படியான திருமணம். பதிவு செய்தால்தான் திருமணம் என்பது கிடையாது. தமிழ்நாட்டில் 2009ஆம் வருடச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பது வேறு கடமை. பிரிட்டனில் சிவில் பார்ட்னர்ஷிப் பதிய முதல் நிபந்தனை, இருவரும் ஏற்கெனவே திருமணம் ஆகாதவர்களாக இருக்க வேண்டும் என்பது. ஒருவருக்கொருவர் தாலி கட்டிக்கொண்டவர்களும் திருமணம் ஆனவர்கள்தான். அதாவது ஆவணியில் தாலி கட்டினால் அவர்கள் ஆசைப்பட்ட பார்ட்னர்ஷிப்புக்கு அங்கே வழி அடைபட்டுவிடும். கணவன் மனைவியாக விண்ணப்பிக்கலாம், அதில் தவறில்லை. ஆனால் தாலி கட்டியதை மறைத்து, இன்னும் ஒன்றும் ஆகவில்லை என்று ஃபார்மில் எழுதினால் அது பொய். கல்யாண ஃபோட்டோ முகநூலில் கிடக்கும். பொய் சொன்னதாக ஒரு முறை மறுத்துவிட்டால் பத்து வருடம் வரைகூடக் கதவு சாத்தியிருக்கும்.

பெண் இந்து இல்லை, வேறு மதம் அல்லது மதமே இல்லை என்றால் கதை வேறு. அப்போது கோயிலில் கட்டிய தாலி வீட்டு ஆட்களுக்குத் திருமணம், இந்து திருமணச் சட்டத்துக்கு அது ஒன்றுமே இல்லை. சட்டப்படி வேண்டுமென்றால் 1954ஆம் வருடத்துச் சிறப்புத் திருமணச் சட்டம்தான். இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் தங்கியிருக்க வேண்டும். அறிவிப்புக் கொடுத்தால் அலுவலகத்தில் ஒட்டுவார்கள், 30 நாள் யாரும் ஆட்சேபம் சொல்கிறார்களா என்று பார்ப்பார்கள், பிறகு மூன்று சாட்சிகளோடு கையெழுத்து. அறிவிப்புக் கொடுத்து மூன்று மாதத்துக்குள் முடிக்காவிட்டால் மறுபடி முதலிலிருந்து. வெளிநாட்டுப் பெண் 2 வார லீவில் வந்து, அதற்குள் பதிவையும் முடித்துக்கொண்டு போவது நடக்காது. பையனின் இருப்பிடத்தை வைத்து அறிவிப்பை முன்னதாகவே கொடுத்து வைக்கலாமா என்று சார்பதிவாளர் அலுவலகத்தில் நேரில் கேட்டுவிட்டுத்தான் டிக்கெட் போட வேண்டும்.

இனி பிரிட்டன் பக்கம். அங்கே உள்ள வழிகளை ஒவ்வொன்றாக அக்காவுக்குச் சொன்னேன். அக்காவுக்குப் புரிந்ததோ இல்லையோ, மகனை வீடியோ காலில் கூப்பிட்டு ஃபோனை ஸ்டேப்ளருக்குச் சாய்த்து நிறுத்திவைத்தார்.

முதல் வழி, சிவில் பார்ட்னர் ஆகப் போகிறவர் என்கிற விசா. திருமணத்துக்கு நிச்சயமானவர்களுக்கும் இதே விசாதான். 6 மாதம் தருவார்கள். அதற்குள் அங்கே பதிவு நடக்க வேண்டும். அந்த 6 மாதமும் வேலை பார்க்கக் கூடாது. இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். பதிவு முடிந்ததும் நாட்டை விட்டு வெளியே வராமலே இரண்டாவது விண்ணப்பம் போட்டு, 2 வருடம் 6 மாதத்துக்குத் துணைவர் விசா வாங்கலாம். அது முடிந்தால் இன்னொரு 2 வருடம் 6 மாதம். ஆக 5 வருடம் கழித்து நிரந்தரக் குடியிருப்புக்கு விண்ணப்பிக்கலாம். முதல் 6 மாதம் இந்த 5 வருடக் கணக்கில் சேராது.

இரண்டாவது, திருமண வருகையாளர் விசா. பெயரைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் அதிகம். போய், பதிந்து, 6 மாதத்துக்குள் திரும்பி வந்துவிட வேண்டும். அங்கேயே இருந்துகொண்டு துணைவர் விசாவுக்கு மாற முடியாது. சிங்கப்பூரிலோ இந்தியாவிலோ வாழப் போகிறவர்கள் அங்கே போய்ப் பதிந்துவிட்டு வருவதற்கு இது சரி, குடியேறுவதற்கு அல்ல. எங்கள் பக்கத்து ஏஜெண்டு ஒருவர், பெயர் வேண்டாம், ஒரு பையனிடம் "சும்மா சுற்றுலா விசாவில் போ, அங்க போயி மாத்திக்கலாம்" என்று சொல்லி அனுப்பினார். பையன் திரும்பி வந்து என் கடையில்தான் உட்கார்ந்திருந்தான், புது விண்ணப்பத்துக்கு. ஏஜெண்டுக்குக் கொடுத்த காசு திரும்பவில்லை.

மூன்றாவது, ஏற்கெனவே திருமணமோ பார்ட்னர்ஷிப்போ ஆனவர்களுக்கான துணைவர் விசா. வெளியிலிருந்து போட்டால் 2 வருடம் 9 மாதம். இறங்கிய நாளே வேலைக்குப் போகலாம்.

நான்காவது வழியைத்தான் நம் ஆட்கள் யாரும் கேட்பதில்லை: மணமாகாத துணைவர். திருமணத்துக்கு ஒப்பான உறவில் குறைந்தது 2 வருடம் இருந்திருக்க வேண்டும். முன்பு 2 வருடம் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்திருக்க வேண்டும் என்பது விதி. 2024 ஜனவரி 31இலிருந்து அந்தக் கட்டாயம் போய்விட்டது. சேர்ந்து வாழ முடியாததற்குக் காரணம் சொல்லி, உறவு உண்மையானது என்று வேறு வகையில் நிறுவலாம். கிடைப்பது மூன்றாவது வழியில் கிடைக்கிற அதே 2 வருடம் 9 மாதம், அதே வேலை உரிமை. போன பிறகு நிதானமாகப் பார்ட்னர்ஷிப்பைப் பதிந்துகொள்ளலாம்.

"எத்தனை வருசப் பழக்கம் தம்பி?" என்று ஃபோனைப் பார்த்துக் கேட்டேன்.

"மூணரை வருசம் அண்ணாச்சி. அதுல பதினாலு மாசம்..." என்று இழுத்தான். அம்மா பக்கத்தில் இருப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது போல.

"வாடகை அக்ரிமெண்ட் இருக்கா?"

"ரெண்டு பேர் பேர்லயும் இருக்கு."

அக்கா ஒன்றும் சொல்லாமல் மேசையில் கிடந்த குண்டூசிகளை டப்பாவில் ஒவ்வொன்றாகப் போட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "இத மட்டும் இவன் அப்பாகிட்ட சொல்லிராத" என்றார். எனக்கோ, கோப்பில் இதைவிட நல்ல தாள் கிடையாது என்று தோன்றியது. இரண்டு பெயர் போட்ட வாடகை ஒப்பந்தம், ஒரே முகவரிக்கு வந்த கரண்ட் பில், வங்கிக் கடிதம்: விசா அதிகாரி தேடுவது இதைத்தான். நம் ஊரில் மானம் போகிற காரியம் அவர்கள் ஊரில் ஆதாரம்.

வழி எதுவானாலும் சில நிபந்தனைகள் பொது. இருவருக்கும் 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். நேரில் சந்தித்திருக்க வேண்டும். ஃபோனில் மட்டும் பழகியதெல்லாம் செல்லாது. அங்கே இருப்பவர் குடிமகனாகவோ நிரந்தரமாகக் குடியிருக்கும் உரிமை உள்ளவராகவோ இருக்க வேண்டும். பெரிய தடை பணம். அங்கே இருப்பவரின் வருட வருமானம் 29,000 பவுண்டு என்று 2024 ஏப்ரலில் உயர்த்தினார்கள், அதற்கு முன் 18,600. நம் பணத்தில் 30 லட்சத்துக்கு மேல். பையன் சென்னையில் வாங்குகிற சம்பளம் இந்தக் கணக்கில் வராது. வருமானம் போதாவிட்டால் சேமிப்பைக் காட்டலாம். வருமானமே இல்லை என்றால் 88,500 பவுண்டு, அதுவும் 6 மாதமாகக் கணக்கில் கிடந்திருக்க வேண்டும். விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் மாமனார் நிலத்தை விற்றுப் போட்ட பணம் உதவாது. இது போக, வருடத்துக்கு 1,035 பவுண்டு மருத்துவக் கட்டணம், விசா காலம் முழுமைக்கும் முன்கூட்டியே. 6 மாத விசாவுக்கு மட்டும் அது இல்லை. இந்தத் தொகைகள் அடிக்கடி மாறும். ஃபார்ம் போடுகிற அன்று அரசாங்கத் தளத்தில் பார்த்துக்கொள்வதே சரி, என் வார்த்தையை நம்ப வேண்டாம்.

ஆங்கிலம் முதல் விண்ணப்பத்துக்கு அடிப்படைப் பேச்சுத் தேர்வு போதும். ஆங்கில வழியில் பட்டம் வாங்கியவர்கள் அதைக் காட்டலாம். இந்தியப் பட்டம் என்றால், அது அங்கத்திய பட்டத்துக்கு ஈடு என்று சொல்கிற எக்டிஸ் நிறுவனத்தின் சான்று வேண்டும், பிரிட்டனில் படித்த பட்டம் என்றால் அந்தச் சான்றுக்கு வேலை இல்லை. காசநோய்ப் பரிசோதனை அவர்கள் அங்கீகரித்த மையத்தில்தான் எடுக்க வேண்டும். கைரேகைக்கும் பரிசோதனைக்கும் நம் ஊர் ஆட்கள் சென்னைக்குத்தான் போகிறார்கள். நெல்லை எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் காலையில் எழும்பூர். இரண்டையும் ஒரே பயணத்தில் முடிக்கப் பார்க்காதீர்கள். பரிசோதனையில் எக்ஸ்ரே தெளிவில்லை, சளி பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டால் வாரக்கணக்கில் தள்ளிப்போகும்.

தாள்களில் நம் மாவட்டத்துக்கென்றே ஒரு தலைவலி உண்டு: பெயர். இசக்கி என்று பத்து விண்ணப்பம் வந்தால் ஆங்கிலத்தில் நான்கு 'ஈ' (E) எழுத்தில் தொடங்கும், ஆறு 'ஐ' (I) எழுத்தில். பத்தாம் வகுப்புச் சான்றில் ஒன்று, பாஸ்போர்ட்டில் ஒன்று, ஆதாரில் இசக்கிமுத்து என்று மூன்றாவது. அப்பா பெயரின் முதல் எழுத்தை இனிஷியலாகப் போட்ட சான்று ஒன்று, அப்பா பெயரையே குடும்பப் பெயராக நீட்டிய பாஸ்போர்ட் ஒன்று. அங்கே உட்கார்ந்திருக்கிற அதிகாரிக்கு இது இரண்டு மனிதர்கள். முதலில் பாஸ்போர்ட்டை சரி என்று வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அதற்கேற்பத் திருத்துங்கள். முடியாவிட்டால் இரண்டு பெயரும் ஒருவரே என்று நோட்டரி உறுதிமொழி வாங்குங்கள். தாலுகா அலுவலகம் தருகிற திருமணமாகாதவர் சான்றிதழும் இப்போதே விண்ணப்பித்து வைப்பது நல்லது. வெளிநாட்டில் காட்டுவதற்கு மாநில அரசின் சான்றொப்பமும் அதன் பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் என்கிற அத்தாட்சி முத்திரையும் தேவைப்படலாம்.

அங்கே போன பின் பதிவுக்கு என்ன செய்ய வேண்டும்? அந்தப் பதிவு வட்டாரத்தில் குறைந்தது 7 நாள் தங்கியிருந்து, பதிவு அலுவலகத்துக்கு நேரில் போய் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். 28 நாள் காத்திருப்பு. இதற்கென்று உள்ள விசா இல்லாதவர்கள் என்றால் உள்துறைக்குத் தகவல் போகும். பொய் உறவோ என்று அவர்கள் விசாரிக்க நினைத்தால் அந்த 28 நாள் 70 நாள் ஆகும். மணமாகாத துணைவராகப் போகிறவர்கள் இதையும் கணக்கில் வைத்து நாள் பார்க்க வேண்டும்.

அங்கே இருப்பவர் குடிமகன் இல்லை, வேலை விசாவிலோ படிப்பு விசாவிலோ இருக்கிறார் என்றால் மேலே சொன்னதில் பாதி பொருந்தாது. அவர்களுக்கு ஆகப் போகிறவர் விசா கிடையாது. திருமணமோ பார்ட்னர்ஷிப்போ ஆனவரும் 2 வருட உறவில் உள்ளவரும் அவரைச் சார்ந்தவர் (டிபென்டன்ட்) என்கிற விசாவில் போகலாம். முதியோர் பராமரிப்பு வேலைக்குப் போன பெண்கள் நம் பக்கம் நிறைய. 2024 மார்ச் 11க்குப் பிறகு அந்த வேலைக்குப் புதிதாகப் போனவர்கள் கணவனையோ பிள்ளைகளையோ கூட்டிப்போக முடியாது; 2025 ஜூலையில் வெளிநாட்டிலிருந்து அந்த வேலைக்குப் புதிதாக ஆள் எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். மாணவர்களில் ஆராய்ச்சிப் படிப்புக்காரர்களைத் தவிர மற்றவர்களில் பெரும்பாலோருக்கும் 2024 ஜனவரியிலிருந்து துணையைக் கூட்டிப்போக வழி இல்லை.

வேறு நாடுகள் என்றால் பார்ட்னர்ஷிப் என்கிற சொல்லே வேறு பொருள் தரும். அமெரிக்காவில் சில மாநிலங்களில் இதே மாதிரி சிவில் யூனியன் என்று ஒரு பதிவு உண்டு, குடியேற்றத்துக்கு அது பைசா பெறாது. திருமணம்தான் கணக்கு. அங்கே நிச்சயமானவர் விசாவில் போனால் 90 நாளில் திருமணம் முடிய வேண்டும். முந்தைய 2 வருடத்துக்குள் நேரில் பார்த்திருக்கவும் வேண்டும். கனடாவில் நிச்சயமானவர் விசாவே இல்லை, ஆனால் 12 மாதம் தொடர்ந்து சேர்ந்து வாழ்ந்தவர்களைத் துணைவர்களாக ஏற்கிறார்கள். ஆஸ்திரேலியாவிலும் 12 மாதம்தான், அங்கே ஒரு மாநிலத்தில் உறவைப் பதிந்தால் அந்த 12 மாதம் தேவையில்லை. பிரான்ஸில் பாக்ஸ் என்று ஜோடிகளுக்கான ஓர் ஒப்பந்தம் 1999 முதல் உண்டு. போட்டவுடன் குடியிருப்பு அட்டை தானாக வந்துவிடாது. வளைகுடாவைக் கேட்காதீர்கள். மேலப்பாளையத்திலிருந்து துபாய்க்குப் போகிறவர்களுக்குத் தெரியும், சான்றொப்பம் பெற்ற திருமணச் சான்று இல்லாமல் துணையைக் கூப்பிட முடியாது.

இந்தியாவிலும் அப்படித்தான். பிரிட்டன் பார்ட்னர்ஷிப் சான்றைக் கொண்டுவந்து இங்கே நீட்டினால் அதற்கு ஈடான உறவு நம் சட்டத்தில் இல்லை. வெளிநாட்டுத் துணைக்கு, இங்கே வந்து நீண்ட காலம் தங்க உதவுகிற ஓ.சி.ஐ. அட்டை வேண்டுமென்றால் பதிவு செய்யப்பட்ட திருமணம், அது 2 வருடம் நீடித்திருக்க வேண்டும் என்கிறது குடியுரிமைச் சட்டம். வயதான காலத்தில் தாமிரபரணிக் கரையில் வந்து உட்காரலாம் என்று கனவு காண்கிற ஜோடிகள், பார்ட்னர்ஷிப்பா திருமணமா என்பதை இந்தக் கோணத்திலும் யோசிக்க வேண்டும். ஒன்றைப் போட்டுவிட்டு பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்றால், இங்கிலாந்தில் பார்ட்னர்ஷிப்பைத் திருமணமாக மாற்றும் வசதி ஒரே பாலின ஜோடிகளுக்குத்தான் உண்டு, ஆண் பெண் ஜோடிக்கு இல்லை.

ஒரே பாலின ஜோடிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அவர்களும் என் கடைக்கு வருகிறார்கள், பெரும்பாலும் கடை சாத்துகிற நேரத்துக்கு. ஒரே பாலின உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவு அந்த வகையில் 2018இல் போனது. ஆனால் 2023 அக்டோபர் 17 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் திருமண உரிமையை ஏற்கவில்லை, சிவில் யூனியனுக்கும் பெரும்பான்மை நீதிபதிகள் ஒப்பவில்லை. நம் பக்கத்தில் நடந்தது என்றால் தூத்துக்குடி வழக்கு. சங்கரராமேஸ்வரர் கோயிலில் ஓர் ஆணும் ஒரு திருநங்கையும் செய்துகொண்ட திருமணத்தைப் பதிய மறுத்தார்கள். 2019இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, மணமகள் என்ற சொல்லில் திருநங்கையும் அடங்குவார் என்று சொல்லிப் பதியச் சொன்னது. இரண்டு ஆண்களுக்கும் இரண்டு பெண்களுக்கும் அந்தக் கதவு இங்கே திறக்கவில்லை. அதனால் மூன்றாவது வழி அவர்களுக்கு இங்கிருந்து கிடையாது, முதலும் நான்கும்தான். சேர்ந்து வாழ்ந்த ஆதாரம் இல்லையே என்று தயங்குகிறவர்களுக்கு 2024 மாற்றம் பெரிய உதவி. வீட்டுக்குத் தெரியாமல் இருந்ததால்தான் ஒரே முகவரி இல்லை என்பதைக் கடிதத்தில் அப்படியே எழுதலாம். வெட்கப்பட ஒன்றும் இல்லை, அதுவும் ஒரு காரணம்தான்.

அக்கா மகன் விஷயத்தில் நான்காவது வழியே நல்லது என்று எனக்குப் பட்டது. ஒரே விண்ணப்பம், ஒரே கட்டணம், போனதும் வேலை. அங்கே உள்ள ஒரு குடியேற்ற வக்கீலிடம் ஒரு தடவை காட்டிவிட்டுப் போடச் சொன்னேன், பெண்ணின் சம்பள ரசீதில் ஒரு மாதம் இடறியது.

மண்டபக்காரர் அட்வான்ஸைத் திருப்பித் தரமாட்டேன் என்றாராம். அதனால் அதே ஆவணி முகூர்த்தத்தில் நிச்சயதார்த்தம். தட்டு மாற்றலாம், மோதிரம் போடலாம், இருட்டுக்கடை அல்வா கொடுக்கலாம், அந்த ஃபோட்டோக்களும் கோப்பில் ஆதாரமாகச் சேரும்.

"ரெண்டு வீட்டு ஆளுகளும் நிக்கிற மாதிரி ஒரு படம் எடுத்துருங்கக்கா. தாலி மட்டும் கழுத்துல தெரியப்பிடாது."

"கட்டுனாத்தானய்யா தெரியதுக்கு" என்று சொல்லிவிட்டு, மஞ்சள் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார்.